‘ஒன் ஆஃப் த ஃபேமிலி’ என்று சொன்ன சாருக்கு

சார், நீங்கள் பொய் சொன்னீர்கள்.

போன மாதம் விருதுநகரில், உங்கள் பள்ளிக்கூடத்தில், உங்களுக்குப் பிரிவு உபசார விழா வைத்தார்கள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மைக்குக்கு முன்னால் வந்து நின்றீர்கள். "அநாதையாக நின்ற ஒரு பிள்ளையை எங்கள் வீட்டில் எடுத்து வளர்த்தோம். ஷீ வாஸ் ஒன் ஆஃப் த ஃபேமிலி. கடைசியில் பிளாக் ஷீப்பாகப் போய்விட்டாள். அவளுக்காக இன்னும் ஜெபிக்கிறோம்" என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீங்கள் சொன்ன அநாதை என் அக்கா. நீங்கள் மைக்கில் பேசிய நேரத்தில் எங்கள் அப்பா சாத்தூரில் தீக்குச்சிக்கு மருந்து முக்கிக்கொண்டிருந்தார். அம்மா வீட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அநாதை என்று எந்த ஊரில் பெயர்?

நான் எழுந்து நின்றேன். பின்னால் சுவரோரம் நின்ற ஒருவர், "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்னால் எங்கேயும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டு வருகிறேன். நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் தாள் மடிக்கும்போது பாதியில் எழுந்து வாசல் வரை போய்விட்டு வருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. வருகிற மாதிரி எழுதுகிறேன்.

இனி படிக்கிறவர்களுக்கு முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு சாத்தூரில், வைப்பாற்றங்கரை ஓரம். எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை. மழை பொய்த்த வருஷங்களில் ஒவ்வொரு குடும்பமாகத் தீப்பெட்டி ஆபீசுக்கு மாறியது. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி போட்டு உட்காருகிற ஆபீஸ் இல்லை. அப்பா அங்கே மருந்து முக்கும் வேலை. அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவாள். அம்மாவும் நானும் வீட்டில் பெட்டி ஒட்டுவோம்.

சார் அப்போது சாத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நானும் அக்காவும் அங்கேதான் படித்தோம். அக்கா எனக்கு மேல் வகுப்பு. சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் பயன்படுத்துகிற சொற்றொடர்களை வாரத்துக்கு ஒரு விஷயமாகப் பிரித்துப் போர்டில் எழுதுவார். ஒரு வாரம் உடம்பு. ஒரு வாரம் மழை, காற்று. ஒரு வாரம் குடும்பம், சொந்தபந்தம். ஒவ்வொருவரும் எழுந்து அந்தச் சொற்றொடரைத் தன் வீட்டை வைத்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய பாடம். அடுத்தவன் வீட்டை வகுப்பில் திறந்து காட்டுகிற பாடம்.

குடும்ப வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'பிளாக் ஷீப்' என்று எழுதி, "குடும்பத்துக்குக் கெட்ட பேர் கொண்டுவருகிறவன், கருப்பு ஆடு" என்று விளக்கம் சொன்னார். ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா ஆட்டுச் சந்தையில் தரகு பார்க்கிறவர்.

"சார், சந்தையில கருப்புக் கிடாய்க்குத்தான் கிராக்கி சார். சாமிக்கு அதைத்தான் நேந்து விடுவாக. வெள்ளை ஆட்டை ஒருத்தரும் சீண்ட மாட்டாக."

"ஏலே, இது இங்கிலீஷ் ஆடு. உக்காருலே."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். அவர் சிரித்தால் நன்றாகத்தான் இருப்பார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது 'ரன்ஸ் இன் த ஃபேமிலி'. அதற்கு என்னை எழுப்பினார். காலையில் பெட்டி ஒட்டிவிட்டு அப்படியே ஓடி வந்திருந்தேன். விரலில் பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. என் கையைப் பிடித்து வகுப்புக்குக் காட்டினார். "இவள் அம்மாவுக்கும் பசைக் கை. அக்காவுக்கும் பசைக் கை. இவளுக்கும் பசைக் கை. இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி. குடும்பத்திலேயே ஓடுகிறது" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஓடலை சார், ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றேன். பெஞ்சு மேல் நிற்க வைத்தார். மணி அடிக்கும் வரை நின்றேன்.

அந்த வாரத்தில்தான் 'ஃப்ளெஷ் அண்ட் பிளட்', அதாவது சொந்த ரத்தம், போர்டில் வந்தது. கடைசியாக 'ஒன் ஆஃப் த ஃபேமிலி'யும் வந்தது. "நம் குடும்பத்தில் ஒருவர். இதற்கு மேல் ஒருவருக்கு மரியாதை கொடுக்க இங்கிலீஷில் வார்த்தை இல்லை" என்றார். நான் நம்பினேன். நோட்டில் அடிக்கோடு போட்டேன்.

கொஞ்ச நாளில் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட அவர் வீட்டம்மா. அந்த அம்மாளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து உடம்பு தேறாமல் இருந்தது. எங்கள் தெருவுக்குள் வெள்ளை வேட்டி கட்டிய வாத்தியார் வந்தால் தெருவே வாசலில் நிற்கும். நின்றது. அம்மா பசைச் சட்டியை முந்தானையால் மூடினாள். அவசரத்தில் அதைத்தான் செய்யத் தோன்றியது.

"மூத்தவளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். கெட்டிக்காரப் பிள்ளை. இந்தப் பசைக்குள்ளேயே கிடந்தால் வீணாகப் போகும். படிக்க வைக்கிறோம். கல்யாணம் செய்து வைக்கிறோம்" என்றார் சார்.

அப்பா நின்றுகொண்டே கேட்டார். "வேலைக்கா சாமி?"

"சே, சே. வேலைக்கா? மகளாக. ஒன் ஆஃப் த ஃபேமிலி."

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவருக்கு வேறொன்று தெரியும். எங்கள் தெருவில் ஒரு பிள்ளையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் சும்மா கொடுக்க மாட்டார்கள். நாலு பேர் முன்னால் பெற்றவன், "இனி இது உன் பிள்ளை" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவன், "ஆமா, என் பிள்ளை" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு தீர்ந்தது. பெற்றவர்கள் அதற்குப் பிறகு உரிமை கொண்டாட மாட்டார்கள். பெயர் சொல்லி அதட்டவும் மாட்டார்கள். குலசாமி கொடைத் திருவிழாவுக்கு வீடு வீடாக ஆள் கணக்கு எடுக்கும்போது அந்தப் பிள்ளையைச் சேர்க்கவும் மாட்டார்கள்.

"நாலு பேர் முன்னால சொல்லுவீகளா?" என்று கேட்டார் அப்பா.

"நாலு பேர் என்ன? சபை முன்னாலேயே சொல்லுகிறேன்."

அந்த வார்த்தையில்தான் அப்பா விழுந்தார். அக்கா அப்போது அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்குப் படிக்க ஆசை.

சார் கிறிஸ்தவர். அவர்கள் கோயிலில், சாத்தூர் சர்ச்சில், அக்காவுக்கு ஞானஸ்நானம் நடந்தது. நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். கோயில் வாசல்படியோரம் நின்று பார்த்தோம். போதகர், "இந்தப் பிள்ளைக்கு ஞானப் பெற்றோராக நிற்பவர்கள் யார்?" என்று கேட்டார். சாரும் வீட்டம்மாவும் முன்னால் போனார்கள். "நாங்கள்" என்றார் சார். "இந்தப் பிள்ளையை உங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று போதகர் கேட்டார். "ஏற்றுக்கொள்கிறோம்" என்றார்கள் இரண்டு பேரும், சத்தமாக.

கிறிஸ்தவர்களுக்கு இது என்ன என்று தெரியும். ஞானப் பெற்றோர் வேறு, பெற்றோர் வேறு. விசுவாசத்தில் வளர்க்க நிற்கும் சாட்சி, அவ்வளவுதான். எங்கள் அப்பாவுக்கு யார் சொன்னார்கள் அதை? அவர் கண்ணால் பார்த்தது இது: ஊர் கூடி நிற்கிறது, பெரிய மனுஷர் கேட்கிறார், வாங்குகிறவன் வாய் திறந்து ஆமாம் என்கிறான். எங்கள் தெரு வழக்கத்தில் என்ன உண்டோ, அது அத்தனையும் அங்கே நடந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். திரும்பி அம்மாவிடம், "கொடுத்தாச்சு" என்றார்.

வெளியே வந்த அக்காவைப் பார்த்து அம்மா, "வாங்க" என்றாள்.

அக்கா சிரித்தாள். அம்மா கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தாள். அம்மா கேலி பண்ணவில்லை.

சார் விருதுநகருக்கு மாறிப் போனார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பஸ் ஏறிப் போவோம். அம்மா கருப்பட்டி கொண்டுபோவாள். பின் வாசல் வழியாகத்தான் போவோம். போகச் சொன்னவர்கள் ஒருவரும் இல்லை, எங்கள் கால் தானாக அங்கே போகும். அக்கா அடுப்படியில் இருப்பாள். அம்மா அவளைப் பார்த்து, "சொகமா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்பாள். பெற்ற மகளை! நான் வழியெல்லாம் அம்மாவோடு சண்டை போடுவேன்.

"ஏம்மா அவளைப் போயி வாங்க போங்கங்கற?"

"சும்மா கெட புள்ள. அது இப்ப வாத்தியார் வீட்டுப் பிள்ளை. நம்ம வாயால எறக்கிப் பேசலாமா?"

முதலில் அக்கா சாரை அப்பா என்றுதான் கூப்பிட்டாளாம். அப்படித்தான் கூப்பிடச் சொன்னார்களாம். மெட்ராசிலிருந்து அவர்கள் சொந்தக்காரர்கள் வந்த ஒரு நாளில் வீட்டம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆட்கள் இருக்கும்போது சார்னு கூப்பிடு, கண்ணு" என்றாராம். ஆட்கள் போன பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. ஹைஸ்கூலில் சேர்த்தார்கள். கைப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மாதம் நிறுத்தினார்கள். பிறகு பரீட்சை நெருங்கிவிட்டது என்றார்கள். பிறகு அந்தப் பேச்சே இல்லை. அக்காவுக்குச் சோறு குறைவில்லை. துணி குறைவில்லை. அடிக்கவும் இல்லை. நான் இல்லாததைச் சொல்ல மாட்டேன். அவளை மகளாக வளர்க்கவில்லை. அதை மட்டும்தான் சொல்கிறேன்.

ஒரு தடவை சாயங்கால ஜெப நேரத்தில் அங்கே இருந்தேன். சார் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினார். மூத்த மகனுக்காக, மகளுக்காக, இளையவனுக்காக, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவின் பெயர் வரும், வரும் என்று காத்திருந்தேன். "இந்த வீட்டில் இருக்கிற அனைவரையும் ஆசீர்வதியும்" என்று முடித்தார். அக்கா "ஆமென்" சொன்னாள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னாள்.

இன்னொரு நாள் ஒரு இன்ஸ்பெக்டர் சாப்பிட வந்திருந்தார். அக்கா பரிமாறினாள். "யார் இந்தப் பெண்?" என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். "ஷீ இஸ் லைக் ஒன் ஆஃப் த ஃபேமிலி" என்றார் சார். பக்கத்திலேயே அவருடைய சொந்த மகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டி, "மை டாட்டர்" என்றார்.

அடுப்படி வாசலில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்த மகளைப் பார்த்து யாரும் ஒன் ஆஃப் த ஃபேமிலி என்று சொல்வதில்லை. வெளியாளைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் தன் வீட்டு வேலைக்காரிக்கும் கிழட்டு நாய்க்கும் சொல்லிவைத்த மரியாதை அது. அதைத்தான் எங்களுக்குப் போர்டில் எழுதிப் போட்டார். அதைத்தான் நான் அடிக்கோடு போட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும், புள்ள" என்றாள். "ஆனா கல்யாணத்துல சொல்லுவாரு. ஓலையில எம் மகள்னு போடுவேன்னு சொல்லியிருக்காரு."

ஓலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம், இதற்கு யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று போதகர் சபை முன்னால் கேட்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாசித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போவார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது சாரால் இல்லை. வீட்டம்மா டைபாய்டு வந்து மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காதான் கூட இருந்தாள். அங்கே ஒரு நர்சம்மா. அந்த அம்மாளுக்கு அக்காவைப் பிடித்துப் போயிற்று. அவர் மகன் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் எழுத்துக் கோக்கிறவர். "வாத்தியாருடைய வளர்ப்பு மகள், எம்புட்டுப் பொறுப்பு!" என்று நர்சம்மா ஊரெல்லாம் சொன்னார். சார் மறுக்கவில்லை. அப்போது மறுக்கவில்லை. என்னை அதே பிரஸ்ஸில் பைண்டிங் வேலையில் சேர்த்துவிட்டவரும் நர்சம்மாதான்.

முதல் ஓலை வாசித்தது போன வருஷம், பட்டாசுக் கம்பெனி ஆர்டர்கள் மொத்தமாக வந்து விழும் சீசன். பிரஸ்ஸில் லேபிள் வேலை மலையாகக் கிடந்தது. மூச்சு விட நேரமில்லை. இருந்தும் லீவு கேட்டுக்கொண்டு போனேன். அப்பாவும் வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. "ஓலையில அது பேரைக் கேட்டுட்டு அப்படியே வந்துருவேன். உள்ள போகமாட்டேன்" என்றார். விருதுநகர்க் கோயிலில் பின் கதவு ஓரம் நின்றார். கையில் துண்டு.

அக்காவைச் சார் வீட்டுப் பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவை. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே பெஞ்சைக் காட்டினாள்.

போதகர் ஓலை வாசித்தார். மாப்பிள்ளை பெயர், அவர் தகப்பனார் பெயர். பிறகு அக்கா பெயர். அதன் பிறகு, "சாத்தூர் தீப்பெட்டித் தொழிலாளி" என்று ஆரம்பித்து எங்கள் அப்பா பெயரை வாசித்து, "அவருடைய குமாரத்தி" என்றார்.

விவரம் கொடுத்தவர் சார். ஏன் அப்படிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். அவர் மகளுக்கு அப்போது பெரிய இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருப் பிள்ளை அந்த வீட்டு மூத்த மகள் என்று ஓலையில் ஏறினால் சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று கேட்பார்கள். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

அது உண்மைதானே, பெற்றவர் பெயரைத்தானே போட்டார் என்று கேட்பீர்கள். உண்மைதான். அந்த உண்மை எங்கள் அப்பாவை என்ன செய்தது என்று பாருங்கள்.

"யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம்" என்றார் போதகர்.

பின்னாலிருந்து, "ஐயா" என்று குரல் வந்தது.

சபை மொத்தமும் திரும்பியது. அந்தக் கோயிலில் ஓலைக்கு யாரும் அதுவரை வாய் திறந்ததில்லை. அப்பா கதவை விட்டு ஓரடி உள்ளே வந்திருந்தார்.

"ஐயா, தப்பா வாசிச்சிட்டீக. மன்னிக்கணும். அந்தப் பிள்ளைக்கு அப்பா நான் இல்லைங்க. சாருதான். சாத்தூர்க் கோயில்ல வச்சு, சபை முன்னால, ஏத்துக்கிட்டோம்னு சொன்னாக. நான் அன்னைக்கே குடுத்துட்டேன். எம் பேரைப் போட்டா அது கல்யாணம் கெட்டுப்போகும். அவுக பேரைப் போடுங்க."

பெற்ற மகளை அவள் நல்லதுக்காக என் மகள் இல்லை என்று ஊர் முன்னால் சொன்னார். அதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து உட்கார முடியாமல் எனக்கு நடை கூடிக்கொண்டே போகிறது.

போதகர் நல்லவர். பதறவில்லை. முன் பெஞ்சைப் பார்த்துக் கேட்டார். "சார், இவர் சொல்றது என்ன? இந்தப் பிள்ளை உங்க மகளா? நீங்க சொல்லுங்க."

சார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"சார், உங்களைத்தான் கேக்கிறேன்."

சார் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எழுந்திருக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். போதகர், "ஆட்சேபம் எழுந்ததால் இந்த ஓலை நிற்கிறது" என்றார். பாட்டு ஆரம்பித்தார்கள். சார் கணீரென்று பாடினார்.

அக்கா அந்த பெஞ்சை விட்டு எழுந்தாள். நடுவழியாக நடந்து பின்னால் வந்தாள். அப்பா கையிலிருந்த துண்டை வாங்கி அவர் தோளில் போட்டாள். "வாங்கப்பா, போவோம்" என்றாள். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அப்பா வழியெல்லாம், "நான் சரியாத்தானே சொன்னேன்? சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். அக்காவைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. கை கழுவுங்க" என்றாள். அக்கா அப்போதுதான் அழுதாள். "வான்னு சொல்லும்மா. ஒரே ஒரு வாட்டி வாடீன்னு சொல்லும்மா." அம்மாவுக்கு நாக்கு வரவில்லை. "சார் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? குடுத்த பிள்ளையாச்சே" என்று விசும்பினாள். இன்றைக்கும் அம்மா அக்காவை வா என்றும் சொல்வதில்லை, வாங்க என்றும் சொல்வதில்லை. தட்டை வைத்துவிட்டு ஒதுங்கிப் போகிறாள். கொடைக்கு ஆள் கணக்கு எடுக்க வந்த சித்தப்பா வாசலில் நின்று, "மூத்தவளைச் சேக்கவா, வேண்டாமா?" என்று கேட்டார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நர்சம்மா சும்மா இருக்கவில்லை. சார் வீட்டுக்குப் போனார். "மகள்னு சொல்லுங்க, இல்லை வேலைக்கு வச்ச பிள்ளைன்னு சொல்லுங்க. எது சொன்னாலும் என் மகன் கட்டிக்குவான். ஆனா பொய்யில ஓலை வாசிக்க விடமாட்டேன்" என்றாராம். அதற்குச் சார் இங்கிலீஷில், "அது அவர்கள் ஃப்ளெஷ் அண்ட் பிளட். இடையில் நான் யார்?" என்று சொல்லிக் கதவு வரை மரியாதையாக வந்து வழியனுப்பினாராம். பார்த்தீர்களா? கூட்டிப்போக ஒரு இங்கிலீஷ். கழற்றிவிட ஒரு இங்கிலீஷ். இப்போது மேடையில் பழி போட இன்னொரு இங்கிலீஷ். எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே போர்டில் எழுதிப்போட்டது.

அப்பா போதகரிடம் போய், "நான்தான் அப்பன், எழுதிக்கோங்க" என்று சொல்லிப் பார்த்தார். போதகர், "அன்னைக்கு இல்லைன்னீங்க, இன்னைக்கு ஆமாங்கறீங்க. சபையில கேட்ட கேள்வி. சபையிலதான் பதில் வரணும். சார் சொல்லட்டும்" என்றார். அவர் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் அவரும் மறுபடி சாரிடம் கேட்கவில்லை. சார் சபைக் கமிட்டியில் இருக்கிறார்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டி வைத்துவிடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "என்னை நாலு பேர் முன்னால வச்சுத்தானே குடுத்தாக? நான் யாருன்னு நாலு பேர் முன்னாலயே சொல்லட்டும். வேலைக்காரின்னு சொன்னாலும் சரி. அப்புறம் அப்பா என்னைத் திரும்ப வாங்கிக்கிடுவாரு. அம்மா என்னைத் திட்டுவா. எனக்கு அது போதும்" என்றாள். இப்போது மறுபடி குச்சி அடுக்கப் போகிறாள். கை பழைய வேகம் இல்லை என்று சிரிக்கிறாள்.

பிரஸ்ஸில் திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே நுழையும்போது நர்சம்மா மகன் எழுத்துப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்குவார். வேறு நாளில் பேச மாட்டார். திங்கட்கிழமை மட்டும் கேட்பார்.

"நேத்துச் சொன்னாரா?"

"இல்ல."

தலையைக் குனிந்துகொண்டு எழுத்துக் கோப்பார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை எனக்குத் தாள் நேராக மடியாது.

சார், கடைசியாக உங்களிடம் வருகிறேன். அநாதை என்றீர்கள். எங்கள் அப்பா உங்கள் கோயிலில் எழுந்து நின்றதைச் சபை முழுவதும் பார்த்தது. அவரை மேடையில் நின்று சாகடித்தீர்கள். பிளாக் ஷீப் என்றீர்கள். அக்கா என்ன கெட்ட பேர் கொண்டுவந்தாள் உங்களுக்கு? உங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து தன் அப்பன் தோளில் துண்டைப் போட்டாள். அது மட்டும்தான் அவள் செய்தது.

உங்களுக்கு இப்போது பள்ளிக்கூடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. முன் பெஞ்சு இருக்கிறது. போதகர் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. வருகிற ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும்போது எழுந்திருங்கள். நானும் அப்பாவும் வருவோம். நர்சம்மாவும் அவர் மகனும் வருவார்கள். இந்த முறை அப்பாவைக் கதவோரம் நிற்க விட மாட்டேன். சபை முழுவதும் கேட்கும்படி, தமிழில், ஒரே வரியில் சொல்லுங்கள். என் அக்கா உங்கள் மகளா, உங்கள் வேலைக்காரியா?